நமதூர்க் குடிநீரும் நமது அமானிதமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கப்படும். வழமையாக நற்குணம் குறித்தோ, பிள்ளைகளின் மார்க்கக் கல்வி குறித்தோ பேசுவேன். இவ்வாண்டு தண்ணீரைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். "ஹஜ்ரத் என்ன, பொறியாளர் ஆகிவிட்டாரா?" என்று சிலர் நகைத்ததாகவும் அறிகிறேன். பொறியியல் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டதை மட்டுமே சொல்லப் போகிறேன். மார்க்கச் சட்டம் சம்பந்தப்பட்ட பகுதி என் பொறுப்பு.

மதரஸாவின் வடபுறத்தில் தகரக் கொட்டகை ஒன்று பூட்டிக் கிடப்பதை அனைவரும் அறிவீர்கள். அதனுள் இப்போது நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டாக்களும், கிழிந்த பாய்களும் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால், துணி போர்த்தி மூடிய ஒரு பொருள் உண்டு. அதுதான் நம் ஜமாஅத்தின் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம். சபுராளி ஒருவர் தம் தகப்பனாரின் பெயரால் ஸதகத்துல் ஜாரியாவாக வழங்கியது. திறப்பு விழாவன்று துஆ ஓதியவன் நான். அந்த வார ஜும்ஆவிலும் அதைப் பற்றியே பேசினேன். இயந்திரம் மூன்றாண்டுகள்கூட முழுமையாக ஓடவில்லை.

ஜாரியா என்ற அரபுச் சொல்லுக்கு ஓடிக்கொண்டிருப்பது என்று பொருள். ஓடாத ஒன்றுக்கு அப்பெயர் எவ்வாறு பொருந்தும்? அன்று மிம்பரில் நின்றபோது, 'இதன் மெம்பரேனை மாற்ற யார் பணம் தருவார்?' என்ற ஒரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அப்படியொரு பாகம் அதில் இருப்பதே எனக்குத் தெரியாது. நிர்வாகத்தைக் குறை கூறும் முன் என் பங்கை ஒப்புக்கொள்வதுதான் முறை.

இப்போது இதைப் பேச வேண்டிய அவசியம் என்ன? வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் சிலர் கூடி, முன்னதைவிடப் பெரிய புதிய இயந்திரம் ஒன்றை வாங்கித் தருவதாகக் கடிதம் எழுதியுள்ளனர். அவர்களது நிய்யத்தை அல்லாஹ் கபூல் செய்வானாக! அக்கடிதத்திற்கு என்ன மறுமொழி எழுதுவது என்பதை இப்பொதுக்குழுவே தீர்மானிக்க இருக்கிறது. அதற்கு முன் சில விஷயங்களைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் நமதூர் நீரின் தன்மை. நம் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் மணலின் மேல் அமைந்தவை. மழைநீர் மணலில் இறங்கி, நிலத்தடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் எடை குறைந்தது, கடல்நீர் எடை மிகுந்தது. கடல் மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் உயரத்திற்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்று 100 ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். இதன் மறுபக்கம்தான் நாம் கவனிக்க வேண்டியது. மேலே ஒரு மீட்டர் நீரை நாம் இறைத்துத் தீர்த்தால், கீழிருந்து உப்புநீர் அதே 40 மீட்டர் மேலேறி வர முற்படும். நம் பாட்டன்மார் கமலையாலும் வாளியாலும் இறைத்த காலத்தில் மேல்நீர் மட்டுமே செலவானது. வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்த பிறகு, இனித்த கிணறுகள் ஒவ்வொன்றாய்க் கரிக்கத் தொடங்கின.

இருவகை நீருக்கு இடையே தடுப்பை அமைத்திருப்பதாக அல்லாஹ் திருமறையின் ஃபுர்கான் அத்தியாயத்தில் கூறுகின்றான். அவ்வசனம் நம் கிணற்றடியைத்தான் குறிக்கிறது என்று நான் விளக்கம் கூற மாட்டேன். முஃபஸ்ஸிர்கள் சொல்லாததைச் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆயினும், ஒவ்வொரு முறை அதை ஓதும்போதும் நம் மோட்டார்கள் என் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பரில் சுனாமி வந்தபோது நாகப்பட்டினம் கரையிலும், இலங்கையின் கிழக்குக் கரையிலும் எண்ணற்ற கிணறுகளில் கடல்நீர் புகுந்தது. கிணற்றை இறைத்துக் கொட்டினால் சரியாகிவிடும் என்று கருதி மோட்டார் வைத்து இறைத்தனர். ஓரளவு இறைப்பது நன்மை தந்தது. அளவு மீறி இறைத்த இடங்களில் கீழிருந்த உப்பே மேலேறியது. இறுதியில் மழைதான் அந்நிலத்தைக் கழுவித் தந்தது. மணல் பூமியில் வாழ்வோருக்கு இது பெரும் படிப்பினை.

அடுத்தது, சொல்லக் கூச்சமான செய்தி. மணல் உப்புநீரை மட்டுமன்று, கழிவுநீரையும் எளிதில் விடும். நெருக்கமான நம் தெருக்களில் ஒரு வீட்டின் கழிவறைக் குழிக்கும் அடுத்த வீட்டின் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி இருக்கிறது என்று தாங்களே அளந்து பாருங்கள். மலக்கழிவிலிருந்து நீரில் கலக்கும் நைட்ரேட் என்னும் பொருளுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும். நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். அது மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்படும் பச்சிளங் குழந்தைகளுக்கு இரத்தத்தில் உயிர்வாயு குறைந்து உடல் நீலம் பூக்கும் நோய் வரக்கூடும் என மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.

இங்கே ஒரு மஸ்அலாவை விளக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லத் அளவுள்ள நீர், அதாவது இன்றைய அளவில் சுமார் 200 லிட்டர், அசுத்தம் விழுந்ததனால் மட்டும் நஜீஸ் ஆவதில்லை. அதன் நிறமோ, சுவையோ, மணமோ மாறினால்தான் நஜீஸ் ஆகும். "ஹஜ்ரத், கிணற்றில் அதைவிட அதிக நீர் இருக்கிறதே, நிறமும் மாறவில்லையே, பிறகென்ன?" என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. அச்சட்டம் உளூவுக்கும் குளிப்புக்கும் உரிய தூய்மையைக் கூறுகிறது. குடிக்கத் தகுதியா என்பது வேறு கேள்வி. கடல்நீரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் கடற்பயணிகள் வினவியபோது, அது தூய்மையானது என்றே அருளினார்கள். அதற்காக எவரும் கடல்நீரைப் பருகுவதில்லை. உடலுக்கு ஊறு செய்வதை உட்கொள்ளலாகாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஊறு செய்யுமா செய்யாதா என்பதைச் சொல்ல வேண்டியவர் ஆலிம் அல்லர். நீரைச் சோதிப்பவரே அதைச் சொல்ல வேண்டும்.

அச்சோதனைக்கு அளவுகோல் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2012ஆம் ஆண்டு திருத்தி வெளியிட்ட ஐ.எஸ். 10500 என்னும் குடிநீர்த் தரத்தின்படி, கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, நாம் டி.டி.எஸ். என்கிறோமே அது, ஒரு லிட்டரில் 500 மில்லி கிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடல்நீரில் அது சுமார் 35,000. நைட்ரேட் 45 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது. அதற்கு எந்தச் சலுகையும் இல்லை. மலக்கிருமிகள் 100 மில்லி லிட்டரில் ஒன்றுகூடத் தென்படலாகாது. டி.டி.எஸ். பார்க்கும் கையடக்க மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் அது உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது. 'மீட்டரில் 300 காட்டுகிறது, ஆகவே நல்ல நீர்' என்று எண்ணி ஏமாறுவோர் நம்மில் பலர். முழுமையான சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. உரிய கட்டணம் செலுத்தினால் சோதித்துத் தருகின்றனர். இத்தனை ஆண்டுகளில் நம் ஜமாஅத் அங்கே எத்தனை முறை நீர் அனுப்பியது என்று கோப்புகளில் தேடினேன். இயந்திரம் நிறுவும் முன் எடுத்த ஒரே ஓர் அறிக்கை மட்டும் கிடைத்தது.

இனி அந்தக் கொட்டகைக்கு வருவோம். இயந்திரம் ஏன் நின்றது? அதை ஓட்டி வந்த தம்பியிடம் நீண்ட நேரம் கேட்டறிந்தேன். முதலில் மணல் வடிகட்டி, பிறகு கரி வடிகட்டி, அடுத்து நுண்ணிய கார்ட்ரிட்ஜ், இறுதியாக மெம்பரேன். முன்னுள்ள வடிகட்டிகளைக் காலத்தே கழுவாமலும் மாற்றாமலும் விட்டால், அழுக்கும் சுண்ணாம்பும் மெம்பரேனில் படிந்து அதை அடைத்துவிடும். சில நூறு ரூபாய்க்கு மாற்ற வேண்டியதை மாற்றாததால், பல ஆயிரம் ரூபாய்ப் பொருள் கெட்டது. கார்ட்ரிட்ஜ் வாங்க அவர் கேட்டபோது, 'அடுத்த கமிட்டியில் வைப்போம்' என்று விடை கிடைத்ததாம். அந்தக் கமிட்டி நோன்புக்குப் பின் கூடியது. அதற்குள் உப்புக் கரிக்கத் தொடங்கி, மக்கள் வரத்துக் குறைந்தது. மின் கட்டணம் மட்டும் குறையவில்லை. அதே சமயத்தில் அவருக்குரிய சம்பளமும் இரண்டு மாதம் நின்றது. அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். திறமையான மனிதர். அவரை இழந்தது இயந்திரத்தை இழந்ததைவிடப் பெரிய இழப்பு என்பது என் கருத்து.

இன்னொரு தவறும் நடந்தது. இறைக்கும் நீரில் ஏறத்தாழப் பாதி நன்னீராகவும், மீதி முன்னிலும் கூடுதலான உப்போடு கழிவாகவும் வெளிவரும். அக்கழிவு நீரைக் குழாய் போட்டு அதே கிணற்றடியில் விட்டிருந்தோம். எடுத்த உப்பை எடுத்த இடத்திலேயே திருப்பிச் சேர்த்தோம் என்றால் மிகையன்று. கழிவறைக் கழுவலுக்கு அதைப் பயன்படுத்தியிருக்கலாம். அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

ஆகவே புதிய இயந்திரம் வேண்டாம் என்கிறேனா? இல்லை. அதை ஓட்டும் வருமானத்தை முதலில் உறுதி செய்யுங்கள், பிறகு வாங்குங்கள் என்கிறேன்.

வருமானம் எங்கிருந்து வரும்? ஜகாத்திலிருந்து எடுக்கலாமா என்று பொருளாளர் அவர்கள் கேட்டார்கள். நம் மத்ஹபின் பெரும்பான்மைத் தீர்ப்புப்படி ஜகாத் என்பது திருமறை வரையறுத்த எட்டு வகையினரின் உரிமை. கிணறு வெட்டவோ, இயந்திரம் வாங்கவோ அதைச் செலவிட இயலாது. ஏழையின் கையில் ஜகாத்தைக் கொடுத்தால், அவர் விரும்பினால் அதிலிருந்து தண்ணீர்க் கட்டணம் செலுத்தலாம். அது அவர் உரிமை. வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு வட்டியில் நடத்தலாமா என்று மற்றொருவர் கேட்டார். வட்டியை நம்பி ஸதகா நடத்த நான் ஒருபோதும் இசையேன்.

முன்னோர் காட்டிய வழி வக்ஃபு. பள்ளிவாசலைக் கட்டியவர்கள் அதனுடன் தோப்பையும் கடையையும் எழுதி வைத்தது ஏன்? விளக்கெண்ணெய்க்கும் மோதினார் சம்பளத்திற்கும் வழி வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வாறே, நன்கொடை தரும் பிள்ளைகளுக்கு நாம் எழுதக் கூடிய மறுமொழி இது: 'பெரிய இயந்திரத்திற்குப் பதில் நடுத்தரமான ஒன்றை வாங்குவோம். மிச்சத் தொகையில் கடைத்தெருவில் ஒரு கடையைக் கட்டி, அதன் வாடகையைக் குடிநீருக்கென்றே வக்ஃபு செய்யுங்கள்.' வக்ஃபின் வருமானத்தில் முதல் உரிமை அதன் பராமரிப்புக்கே என்பது ஃபுகஹாக்கள் எழுதியுள்ள விதி. எழுத்துப் பத்திரம் இன்றி வாய்மொழியாக விடக் கூடாது. 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டமும் புதிய வக்ஃபுக்குப் பத்திரம் அவசியம் என்கிறது. வழக்கறிஞரைக் கலந்தே இதைச் செய்ய வேண்டும்.

வாடகை போதாத பங்கை, நீர் பிடிப்போர் தரும் சிறு கட்டணத்தால் நிரப்பலாம். தண்ணீரை விற்பதா என்று தயங்க வேண்டாம். இங்கே பெறப்படுவது இயந்திரமும் உழைப்பும் மின்சாரமும் ஆன செலவு. இயலாதவர்களுக்கு இலவச அட்டை வழங்குவோம். அட்டையின் நிறம் மற்றவர்களுடையதைப் போன்றே இருக்கட்டும். குடத்துடன் வரிசையில் நிற்கும் ஒரு விதவைத் தாய் தன் வறுமையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்படி செய்யலாகாது. மெம்பரேன் மூன்றாண்டு உழைக்கும் என்றால், அதன் விலையை 36ஆல் வகுத்து, மாதந்தோறும் அத்தொகையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். கந்தூரிக்கோ, பள்ளிக்கு வெள்ளையடிக்கவோ, அந்தக் கணக்கில் கைவைக்க எவருக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. தலைவருக்கும் இல்லை, இமாமுக்கும் இல்லை.

மதீனாவில் ரூமா கிணற்றின் உரிமையாளர் தண்ணீரை விலைக்கு விற்று வந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதை வாங்கி முஸ்லிம்களுக்கு அளிப்பவருக்குச் சுவனத்தை நன்மாராயமாகக் கூறினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பணத்தால் வாங்கி வக்ஃபு செய்தார்கள். இவ்வரலாறு அனைவரும் அறிந்தது. அதில் பலர் கவனியாத பகுதி ஒன்றுண்டு. வாங்கியவருக்கு அக்கிணற்றில் தனிச் சலுகை எதுவும் இருக்கவில்லை. மற்றவர் வாளி எப்படியோ அப்படியே அவர் வாளியும். நம் ஊரில் நன்கொடையாளர் வீட்டுக்கு மட்டும் தனிக் குழாய் போன வரலாற்றை நான் விரித்துரைக்க விரும்பவில்லை. பெயர்க் கல்வெட்டு கூடாது என்பதும் என் வாதமன்று. ஸஅத் (ரலி) அவர்கள் மரணித்த தம் தாயாருக்காகக் கிணறு வெட்டி, இது ஸஅதின் தாயாருக்கு உரியது என்றே அறிவித்தார்கள். பெயர் இருக்கட்டும். அக்கல்லுக்குப் பக்கத்தில் மாதாந்திர நீர்ச் சோதனை முடிவும், வரவு செலவும் ஒட்டப்படட்டும்.

ஹாரூன் ரஷீதின் மனைவி ஜுபைதா (ரஹ்) மக்காவுக்கு வரும் ஹாஜிகளுக்காகக் கால்வாய் அமைத்தார்கள். செலவுக் கணக்கைக் கொண்டு வந்தபோது, கணக்கை மறுமை நாளுக்கு விட்டுவிடுவோம் என்று கூறி ஏடுகளைத் தஜ்லா நதியில் எறிந்துவிட்டதாக வரலாற்று ஆசிரியர்கள் எழுதுவர். ஜுபைதா அம்மையார் தம் சொந்தப் பணத்தைச் செலவழித்தார்கள், எறிந்தார்கள். நாம் ஊரார் பணத்தைச் செலவழிப்பவர்கள். நம் பொருளாளர் அந்த முன்மாதிரியைப் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். (சிரிப்பு) அக்கால்வாய் நூற்றாண்டுகளைக் கடந்து நின்றது கட்டியவரால் மட்டும் அன்று. பின்வந்தோர் ஓயாமல் செப்பனிட்டனர். 16ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசர் சுலைமானின் மகளார் மிஹ்ரிமா பெரும் பொருள் செலவிட்டு அதைப் புதுப்பித்தார்கள். கட்டியவரை உலகம் அறியும். செப்பனிட்டவரை எத்தனை பேர் அறிவோம்?

அரசின் கடமையை ஜமாஅத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் என் கருத்தன்று. 2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைத் திருச்சிப் பக்கத்திலிருந்து நம் மாவட்டம் வரை கொண்டு வந்தது. நம் பங்கு நீரைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. வரி செலுத்துகிறோம், மனுவும் கொடுப்போம். ஆனால் குழாய் நீர் வராத நாட்களும் உண்டு. அந்நாட்களில் வசதியுள்ளோர் கேன் வாங்குகின்றனர். கடலோரத்து மீனவக் குடும்பங்களும், நம் பின்தெருவில் வாடகைக்குக் குடியிருப்போரும் எதை வாங்குவர்? நம் குழாயில் அவர்களுக்கும் சமமான இடம் உண்டு என்று விதியில் எழுத வேண்டும். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட மார்க்கம் நம்முடையது. மனிதரிடம் மதம் கேட்டு நீர் ஊற்றுவது நமக்கு ஆகாது.

இயந்திரத்தைவிட மலிவான வேலைகள் இரண்டு உள்ளன. ஒன்று மழைநீர். 2003ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பள்ளியின் மாடியிலும் அன்று குழாய் இறக்கினார்கள். இன்று அதன் வாயில் புறா கூடு கட்டியிருக்கிறது. நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மாடியில் விழும் நீர் சுமார் 74,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 59,000 லிட்டர் மண்ணுக்குள் இறங்கும். மேலிருந்து இறங்கும் நீரே கீழிருக்கும் உப்பை அழுத்தி வைக்கும் என்று முன்னர் கூறினேன். இரண்டாவது, நம் ஊருணி. நம் தாய்மார்களின் தாய்மார்கள் அதிலிருந்துதான் குடிநீர் சுமந்தனர். இப்போது அதன் வரத்துக்கால் அடைபட்டு, கரையில் குப்பை கொட்டுகிறோம். பொதுமக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு ஏற்கும் 'நமக்கு நாமே' திட்டம் 2021இல் மீண்டும் செயலுக்கு வந்தது. ஊருணியைத் தூர்வார அதன் கீழ் விண்ணப்பிக்க இயலுமா என்று அலுவலகத்தில் நேரில் விசாரிக்கும்படி செயலாளர் அவர்களை வேண்டுகிறேன்.

நிர்வாகத்தைப் பற்றி ஒன்று மட்டும். குடிநீருக்கென ஐவர் குழு அமைப்பதாயின் அதில் இருவர் பெண்களாக இருத்தல் வேண்டும். நீர் கரிக்கிறதா, கலங்குகிறதா என்பதை முதலில் அறிபவர் அடுப்படியில் இருப்பவரே. இயந்திரம் கெட்டுப் பத்து நாள் கழித்துத்தான் கமிட்டிக்குத் தெரிந்தது. என் வீட்டாருக்கு மறுநாளே தெரிந்திருந்தது. என்னிடம் சொல்லவும் செய்தார்கள். நான்தான் அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

என் முன்மொழிவு இதுவே: முதலில், வரும் மழைக்கு முன்னும் பின்னும், தெருவுக்கு மூன்று கிணறு வீதம் நீரெடுத்து ஆய்வுக்கு அனுப்புவோம். முடிவு வந்த பின், கடை வக்ஃபு பற்றிய யோசனையுடன் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவோம். அவர்கள் ஒப்பினால் பழைய இயந்திரத்தின் தொட்டிகளையும் பம்பையும் புதியதிலேயே பயன்படுத்த முடியுமா என்று பார்ப்போம். திருப்பூர் சென்ற அந்தத் தம்பியின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. நிலுவைச் சம்பளத்தைக் கொடுத்த பிறகே அவரை அழைப்பது முறை. அந்த இரண்டு மாதத்தில் ஒரு மாதச் சம்பளத்தை நான் தருகிறேன். மற்றொன்றை இச்சபையில் யாரேனும் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.